சத்தியம் மீறிய சாயங்காலம்

எனக்குக் கல்யாணம் ஒரு தண்டனையாகத்தான் விதிக்கப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் அது அதிசயம் இல்லை. கோவில் வாசலில் நின்று மணம் முடிக்காமல் ஒன்றாக வாழும் இருவரைத் திருச்சபை நீதிமன்றம் முதலில் கண்டிக்கும், பிறகு தண்டிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லி ஒரு சத்தியம் வாங்கும். "இன்று முதல் உன்னோடு நான் கூடினால், அந்த நேரம் முதல் நீ என் மனைவி" என்று ஆண் சொல்ல வேண்டும். "நீர் என் கணவர்" என்று பெண் சொல்ல வேண்டும். விலகியிருந்தால் ஒன்றுமில்லை. கூடினால் அந்தக் கணமே, சாமியாரும் மோதிரமும் இல்லாமலே, அவர்கள் புருஷன் பெண்டாட்டி. கல்யாணத்தைக் காட்டி மனிதர்களைப் பயமுறுத்தலாம் என்று பெரிய படிப்பாளி யாரோ யோசித்திருக்கிறார்.

தர்ஸ்டனும் நானும் அந்தச் சத்தியத்தைச் செய்தது அறுவடை முடிந்த கையோடு, எங்கள் ஊர்க் கோவிலின் வடக்குப் பக்கத்து நடையில். நீதிபதி நடுவயதுச் சாமியார், தீராத சளிக்காரர். மூக்கைத் துடைத்துக்கொண்டே வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். இனிமேலாவது புத்தி வரட்டும் என்று அனுப்பிவைத்தார். டெர்வென்ட் ஆற்றங்கரை வழியாக நடந்து வீட்டுக்கு வந்தோம். அவர் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மேல சுலபமா ஒருத்தனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க முடியாது, இடோனி" என்றார்.

அப்போது பொழுது சாயவில்லை. ஜன்னல் வழியாக வெயில், எழுதுவதற்குக் கோடு போட்டு வைத்திருந்த தோல் தாள்கள் மேல் விழுந்திருந்தது.

அவர் திருப்புத்தகங்கள் எழுதுபவர். பூசைப் புத்தகம், வேதத்துச் செபப் பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகம், கோவில்களில் பாடகர்கள் கூடி நின்று வாசிக்கும் பெரிய இசைப் புத்தகம், எல்லாம் எழுதுவார். அவருடைய எழுத்தை இன்றைக்கும் எந்தக் கோவில் மேடையில் பார்த்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். வரிசை எங்கும் சாயாது, எழுத்துகள் ஒன்றையொன்று நெரிக்காது. வலது கையில் இறகும் இடது கையில் பிழையைச் சுரண்டும் கத்தியும் பிடித்து அவர் குனிந்து உட்கார்ந்தால் பக்கம் முடியும்வரை நிமிர மாட்டார். என் அப்பா கோவில் எழுத்தராக இருந்தவர். அதனால் லத்தீன் வாசிக்க வரும், அர்த்தம் பாதிதான் தெரியும். நான் மூலப் புத்தகத்தை வரிவரியாக வாசிப்பேன், அவர் எழுதுவார். தாளின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டுக் கோடு போடுவதும் என் வேலை. நான் போட்ட கோட்டின் மேல்தான் அவருடைய எழுத்து நின்றது.

பிறகு ஏன் முறைப்படி கோவிலுக்குப் போகவில்லை என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சமயம் ஒரு கன்னியர் மடத்துக்காகப் பெரிய சங்கீதப் புத்தகம் எழுத ஆரம்பித்திருந்தார். எழுதும் கை சுத்தமான வாழ்க்கை வாழும் கையாக இருக்க வேண்டும் என்பது மடத்துத் தலைவியின் நிபந்தனை. சத்தியம் செய்து பாவத்தை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டுத்தான் வேலையைத் தொடரவே விட்டார்கள். மீறிவிட்டோம், ஆகவே கல்யாணம் ஆகிவிட்டது என்று போய் நின்றால், சட்டப்படி மனைவி கிடைத்திருப்பாள். சங்கீதப் புத்தகம் போயிருக்கும். "இது முடியட்டும்" என்றார். ஒரு நல்ல புத்தகத்துக்கு வருஷங்கள் ஆகும். ஆயின.

ஊருக்கு முன்னால் நான் அவருடைய வேலையாள். பக்கத்து வீட்டு ஹாவிஸ் அக்காவின் பீர் காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை இருந்தது. அதில் ஒரு கட்டில் இருந்தது, அதன் மேல் அக்காவின் பூனை தூங்கியது.

தெருவுக்கே தெரியும். மறைமாவட்டத் தலைவர் ஆயரின் ஆட்கள் வருஷந்தோறும் வந்து, எங்கள் கோவிலைச் சேர்ந்த பங்கில் நல்ல பெயர் எடுத்த ஆண்கள் சிலரைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு, இங்கே யார் பாவத்தில் வாழ்கிறார்கள் என்று கேட்பது வழக்கம். எங்கள் பங்கின் சார்பில் பேசுபவர் ஆஸ்பெர்ன். கோவில் மணி அடிப்பவர், குழி வெட்டுபவர், வாய் அதிகம் திறக்காதவர். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி" என்பார். அவர்கள் அதை லத்தீனில் எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். அவர் எங்களுக்குச் சிநேகிதர்கூட இல்லை. காலை மணியைத் தாமதமாக அடிக்கிறார் என்று தர்ஸ்டன் ஒருமுறை கேலி செய்ததில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் ஆஸ்பெர்னின் பதில் மாறவில்லை. எங்கள் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் நாறடிப்பார்கள், பீர் கடையில் மண்டையை உடைப்பார்கள். வெளியூர்க்காரன் மை டப்பாவோடு வந்து நின்றால் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

தபசுக் காலத்தில் தர்ஸ்டனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. சங்கீதங்களில் கடைசிச் சிலதுதான் பாக்கி இருந்தன. உயிர்ப்பு ஞாயிறு வருமுன் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அவருடைய தம்பி வாரின் கீழ்க்கரையிலிருந்து வந்தார். தோல் பதனிடுபவர், கைகள் எப்போதும் பழுப்பேறியிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதார். பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றபோது என் கையை மெதுவாகத் தொட்டு, வேலைக்காரர்கள் பின்னால் நிற்பதுதான் முறை என்றார். அன்றைக்கு நான் பின்னால் போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் பின்னால் நின்றது அந்த ஒரு பூசைக்குத்தான்.

மறுநாள் அவர் வீட்டைப் பார்வையிட்டார். மையையும் இறகுகளையும் தொடவில்லை. முடியாத சங்கீதப் புத்தகத்தின் தாள் கட்டுகளை மடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வீட்டை விற்கப்போவதாகவும், நான் கோடை நடுத் திருநாள்வரை இருக்கலாம் என்றும் சொன்னார்.

"நான் உங்க அண்ணன் பொண்டாட்டி, கொழுந்தனாரே" என்றேன்.

"எங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பொண்டாட்டின்னா தம்பிகிட்டகூடவா சொல்லாம இருப்பான்?"

மடத்துக் காரியம் கெட்டுவிடும் என்று தம்பியிடமும் மறைத்திருந்தார். மறைப்பதில் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்துவிட்டோம்.

நிலக்கிழாரின் காரியஸ்தரிடம் போனேன். மனைவி என்றால் சாகும்வரை வீடு உன்னுடையது, மனைவி இல்லை என்றால் தம்பியுடையது, நீ யார் என்று சொல்ல வேண்டியது திருச்சபை, அங்கே போய்த் தீர்ப்பு வாங்கிவா என்றார். வீடு வேண்டும்தான். ஆனால் அதைவிட, நான் அவருக்கு யாராக இருந்தேனோ அந்தப் பெயர் எனக்கு வேண்டும். ஒரு குழந்தை இருந்திருந்தால் வழக்கே இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை.

வழக்கில் நான் காட்ட வேண்டியது ஒன்றுதான். சத்தியம் செய்தது எல்லோருக்கும் தெரியும், நீதிமன்றத்தின் பதிவிலேயே இருக்கிறது. சத்தியத்துக்குப் பிறகு நாங்கள் கூடினோம் என்பதைக் கண்ணால் கண்ட சாட்சி இருவர் சொல்ல வேண்டும். ஒருவர் போதாது. சாட்சி கிடைக்காவிட்டால் நானே என் வாயால் ஒப்புக்கொண்ட பாவி. நீதிமன்றம் எனக்குச் சவுக்கு வைத்திருக்கும். ஊரில் மானமாக வாழும் ஒரு பெண், தான் பாவம் செய்ததாக ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். பாவம் ருசுவானால்தான் மானம்.

ஹாவிஸ் அக்காவிடம் சொன்னபோது அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஏன்டி, நீ வந்து போற சத்தம் கேக்கக் கூடாதுன்னு என் வீட்டுக் கதவுக் கீலுக்கு நான் கொழுப்பு தடவி வச்சேன். இப்ப அந்தக் கதவு கீச்சுன்னு கத்துச்சுன்னு போய்ச் சொல்லணுமா?"

"பாத்ததைச் சொன்னாப் போதும் அக்கா."

"பாக்காம என்ன? ரொட்டி மாவு பொங்க பீர் நுரை கேட்டியேன்னு விடியக்காலம் கொண்டுட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே போர்வையில. உன் ஆளு கால் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய. அந்த மனுஷனுக்குக் கால் நீளம்." சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். பிறகு, நான் வரேன்டி, எல்லாத்தையும் சொல்றேன் என்றார்.

இரண்டாவது சாட்சிதான் சிக்கல். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. காலை மணி அடிக்க மணிக்கூண்டு ஏறும் ஆஸ்பெர்னுக்கு அங்கிருந்து எங்கள் பின்கட்டு முழுவதும் தெரியும். கோடையில் நாங்கள் ஜன்னல் பலகையைத் திறந்து வைத்துத்தான் தூங்குவோம். அவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதைத் தர்ஸ்டனும் அறிந்துதான் மணியைக் கேலி செய்தாரோ என்னவோ. ஆனால் ஆஸ்பெர்ன் வாய் திறந்தால், வருஷாவருஷம் ஆயரின் ஆட்களுக்குச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர் ஆவார். பொய்ச் சத்தியக்காரனுக்குக் கோவில் மணிக்கயிற்றைத் தொடும் உரிமை போகும். அவருக்கு உலகத்தில் இருந்தது அந்தக் கயிறு மட்டும்தான். அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று ஹாவிஸ் அக்காவிடமும் சொன்னேன். உனக்கு ஏன்டி இந்த வீம்பு என்று திட்டினார்.

கோடை துவங்கியதும் நீதிமன்றம் எங்கள் கோவிலில் கூடியது. அதே வடக்கு நடை, அதே நீதிபதி. தலை முழுக்க நரைத்திருந்தது, சளி மட்டும் போகவில்லை. வாரின் பக்கம் பேச ஒரு வழக்குரைஞர் வந்திருந்தார், சின்ன வயது, நல்ல கறுப்பு அங்கி. எனக்கு வழக்குரைஞர் இல்லை. பங்கு மக்கள் தூண்களுக்கிடையே நெருக்கியடித்து நின்றார்கள். நீதிமன்ற நாளில் எங்கள் ஊரில் யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள்.

நீதிபதி என்னை நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். அது தர்ஸ்டன் எழுதிய புத்தகம். கையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

இந்த இடத்தில் செய்த சத்தியத்துக்குப் பிறகு அந்த மனிதனோடு கூடினாயா என்று கேட்டார்.

"ஆமா சாமி."

"எப்போது?"

"அன்னிக்கே."

அவர் மூக்கிலிருந்து துணியை எடுத்தார். "அன்றைக்கேவா?"

"இருட்டுறதுக்கு முன்னாடியே சாமி."

பின்னால் தூண்களுக்கிடையிலிருந்து சிரிப்பு எழுந்து கூரைவரை போனது. நான் சிரிக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். இந்தச் சத்தியத்தை எத்தனையோ ஜோடிகளுக்குக் கொடுத்திருக்கிறேன், மீறினேன் என்று தானாக வந்து நின்ற முதல் ஆள் நீதான் என்றார். குரலில் கோபம் இல்லை. சாட்சி யார் என்று கேட்டார்.

ஹாவிஸ் அக்கா முன்னால் வந்தார். திருநாளுக்குக் கட்டும் வெள்ளைத் தலைத்துணியைக் கட்டியிருந்தார். அடுத்தது யார் என்றார் நீதிபதி. வழக்குரைஞர் வாரினைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது மணிக்கயிறு தொங்கும் பக்கத்திலிருந்து ஆட்கள் விலகும் சத்தம் கேட்டது. ஆஸ்பெர்ன் நடந்து வந்தார். கையில் குழிமண் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் பாத்திருக்கேன்" என்றார் நீதிபதியிடம்.

சாட்சிகளை எல்லோர் முன்னாலும் விசாரிக்க மாட்டார்கள். சத்தியம் வாங்கி, ஒவ்வொருவராகத் தனி அறைக்குள் கூட்டிப்போய்க் கேட்டு, லத்தீனில் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் குறித்து எல்லாவற்றையும் சபையில் வாசிப்பார்கள். அதுவரை சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவும் கூடாது, அவர்கள் சொல்லவும் கூடாது. ஹாவிஸ் அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் வரைக்கும் வந்துடுச்சுடி என்று சொல்லி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஆஸ்பெர்ன் வெளியே வந்து நேராகக் கல்லறைப் பக்கம் போய்விட்டார். அன்று மத்தியான மணி கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தது.

வாசிப்பு நாள் வந்தது. நீதிமன்ற எழுத்தர் எங்களுக்காக ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வாசித்தார். கற்பலகையில் தண்ணீர் ஊற்றுவது போன்ற குரல் அவருக்கு. இந்தச் சாட்சி சொல்வதாவது, இன்ன காலையில், பீர் நுரை எடுத்துக்கொண்டு, மேற்படி தர்ஸ்டனின் வீட்டுக்குச் சென்றபோது, மேற்படி இருவரையும் ஒரே கட்டிலில் கண்டதாக. போர்வை என்ன நிறம் என்று கேட்கப்பட்டதற்கு, நீலம், ஓரத்தில் ஓட்டை என்று சொன்னதாக. மழையா வெயிலா என்று கேட்கப்பட்டதற்கு, நனைந்த பூனை உள்ளே ஓடியது நினைவிருப்பதாக. அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கப்பட்டதற்கு, குறட்டை விட்டுக்கொண்டிருந்ததாக. இதை ஏன் இப்போது சொல்கிறாய், பகையா, பயமா, கைம்மாறா என்று கேட்கப்பட்டதற்கு, அந்த வீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் ஒரு நாளும் அடித்ததில்லை, அப்படியொரு வீட்டை இந்தத் தெருவில் தன் கண்ணால் வேறு எங்கும் பார்த்ததில்லை, அதனால் என்று சொன்னதாக. எழுத்தரின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அக்காவின் மாவுக் கையை நான் பார்த்தேன்.

ஆஸ்பெர்னின் சாட்சியம் சின்னது. மணிக்கூண்டிலிருந்து கோடைக் காலைகளில் பலமுறை கண்டதாக. தூரமா என்று கேட்கப்பட்டதற்கு, கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று சொன்னதாக. அப்படியானால் ஆயரின் விசாரணையில் ஏன் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சத்தியம் செய்தாய் என்று கேட்கப்பட்டதற்கு, பொய் சொன்னதாக. ஏன் பொய் என்று கேட்கப்பட்டதற்கு, விசாரித்தவர்கள் வெளியூர் என்று சொன்னதாக.

வழக்குரைஞர் எழுந்தார். அவர் இதற்காகத்தான் காத்திருந்தார். இந்த மனிதர் சத்தியம் செய்து பொய் சொன்னதைத் தானே ஒப்புக்கொள்கிறார். அன்றைக்குப் பொய் சொன்ன நாக்கு இன்றைக்கு உண்மை சொல்கிறது என்று எப்படி நம்புவது? பொய்ச் சத்தியக்காரனின் சாட்சியம் செல்லாது. மிஞ்சுவது ஒரே ஒரு பெண்ணின் சாட்சியம். ஒரு சாட்சி சாட்சியே அல்ல. அவர் பேசியதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஹாவிஸ் அக்கா என் கையைப் பிடித்தார். ஆஸ்பெர்ன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தெரியாதவர்போல ஒரு தூணில் கண் வைத்து நின்றார். அவருடைய கயிறும் போயிற்று, என் பெயரும் போயிற்று என்று நினைத்தேன்.

நீதிபதி மூக்கைத் துடைத்தார். பிறகு ஆஸ்பெர்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"ஆயரின் ஆட்கள் உம்மிடம் என்ன கேட்டார்கள்? அப்படியே சொல்லும்."

"கல்யாணம் ஆகாம கூடி வாழற ஆணும் பொண்ணும் இந்தப் பங்குல இருக்காங்களான்னு கேட்டாங்க சாமி."

"நீர்?"

"இல்லைன்னேன்."

நீதிபதி வழக்குரைஞர் பக்கம் திரும்பினார். தர்ஸ்டனுக்கும் இடோனிக்கும் அந்தச் சத்தியத்தைக் கொடுத்தவன் நான், அதன் சொற்கள் எனக்கு நன்றாகத் தெரியும் என்றார். கூடிய நேரம் முதல் அவள் மனைவி, அவன் கணவன். இந்த மனிதர் மணிக்கூண்டிலிருந்து கண்டது உண்மையானால், அவர் கண்டது ஒரு கணவனையும் மனைவியையும். கல்யாணம் ஆகாமல் வாழ்பவர்கள் இல்லை என்று அவர் சொன்னதும் உண்மை. கண்டது பொய்யானால், பாவம் எதுவும் நடக்கவே இல்லை, அப்போதும் அவர் சொன்னது உண்மை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இவர் சொன்ன சத்தியத்தில் பொய்யைக் காணோம். அவருடைய சாட்சியத்தை ஏற்கிறேன்.

வழக்குரைஞர் கையிலிருந்த தாளை மடித்தார். அவரும் படித்தவர்தானே, புரிந்துகொண்டார். கடைசியில் அவரே லேசாகச் சிரித்தார்.

சந்தோஷப்படாதவர் ஆஸ்பெர்ன் ஒருவர்தான். முகம் சிவந்துவிட்டது.

"நான் பொய்னு நெனச்சுத்தான் சாமி சொன்னேன்."

"உண்மையாகிவிட்டது, ஓய்."

"ஒவ்வொரு வருஷமும் பொய்ன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அது என் பொய். அதை நீங்க இல்லைன்னு சொன்னா எப்படி?"

பங்கே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்காக அவர் வருஷக்கணக்கில் நரகத்தையே பணயம் வைத்துவிட்டுப் பேசாமல் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒரு வார்த்தையில் ஒன்றுமில்லாமல் ஆக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? நீதிபதிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மனசில் இருந்த பொய்க்கு உம்முடைய பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும், அவர் கொடுக்கிற அபராதத்தைச் செய்யும், மணிக்கயிறு உம்மிடமே இருக்கட்டும் என்றார். ஆஸ்பெர்ன் தலையை ஆட்டிக்கொண்டு போனார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"உன் புருஷன் சொன்னது சரிதான். மணி லேட்டுதான்" என்றார்.

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது.

தீர்ப்பை எழுத்தர் வாசித்தார். இடோனி, காலஞ்சென்ற தர்ஸ்டனின் சட்டப்படியான மனைவி, இப்போது அவருடைய விதவை. விதவை என்ற சொல்லுக்காக ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்த நடை அதற்கு முன் பார்த்திருக்காது. வாரின் வெளியே கல் மதிலில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை என்றார். புத்தகம் முடிந்ததும் முதல் ஆளாக உங்களிடம்தான் சொல்ல இருந்தார் என்றேன். அது உண்மைதான், ஆனால் அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. சங்கீதப் புத்தகத்தை மடத்தார் வேறொருவரைக் கொண்டு முடித்தார்கள். எங்கே அவர் கை நிற்கிறது, எங்கே இன்னொருவர் கை தொடங்குகிறது என்று பார்த்ததும் எனக்குத் தெரியும். நான் போட்ட கோடுகள் மட்டும் கடைசித் தாள்வரை இருக்கின்றன.

அதற்கடுத்த ஒரு கோடையில் கொள்ளைநோயின் பெரும் சாவு வந்தது. ஹாவிஸ் அக்கா முதல் வாரத்திலேயே போனார். அந்த நீதிபதியும் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆஸ்பெர்ன் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் குழி வெட்டினார், பிறகு அவரே விழுந்தார். அவருக்கு வெட்ட ஆள் இல்லை. கீழ்க்கரையில் எல்லோரையும் இழந்துவிட்டு வந்து சேர்ந்த வாரினும் நானும்தான் வெட்டினோம். மற்றவர்களைப் போட்டதுபோல அவரைப் பொதுக் குழியில் போட விடவில்லை. மணிக்கூண்டின் அடியில் தனியாகப் போட்டோம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல இப்போது இந்தத் தெருவில் நான்தான் பாக்கி.

ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்புக்குப் பிறகு நடந்ததை. மனைவி என்று ஆனதும், மனைவி செய்த குற்றம் ஒன்று மிஞ்சியது. கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்காமல், சாமியாரின் ஆசீர் இல்லாமல், திருட்டுத்தனமாக மணம் முடித்த குற்றம். அதற்கு நீதிபதி அபராதம் விதித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் நான் மெழுகுவர்த்தியோடு பலிபீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், பங்குச் சாமியார் என் குற்றத்தை மக்கள் கேட்க உரக்க அறிவிக்க வேண்டும். அதை விதிக்கும்போது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்போது எனக்குப் புரியவில்லை.

முதல் ஞாயிறு எங்கள் சாமியார் மேடையில் நின்று வாசித்தார். இந்தப் பங்கைச் சேர்ந்த தர்ஸ்டனும் இடோனியும் கணவனும் மனைவியுமாக இணைந்தவர்கள் என்று தொடங்கியபோதே பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஓலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். எனக்கும் வாசித்தார்கள், புருஷன் மண்ணுக்குள் போன பிறகு. தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழுத்து கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறு பக்கத்துப் பங்குகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு வாரினும் வந்திருந்தார். எங்கள் சாமியாருக்கு வயதாகிவிட்டது, வாழ்நாளெல்லாம் அந்த மேடையில் ஓலை வாசித்தவர். குற்றத்தை வாசித்து முடித்ததும், பழக்கதோஷத்தில், நிறுத்தாமல் மேலே போய்விட்டார். இவர்கள் கணவன் மனைவியாக இருப்பதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லட்டும் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது வழக்கமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

கோவிலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நான் திரும்பி அவர்கள் எல்லோரையும் பார்த்தேன். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

மெழுகு உருகி விரலில் வழிந்தது. மெழுகுவர்த்தியைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். கல்யாணமான பெண்கள் நிற்கும் வரிசையில் ஹாவிஸ் அக்கா பக்கத்துப் பெண்ணை இடுப்பால் இடித்து நகர்த்தினார். அந்த இடத்தில் போய் நின்றேன், பூசை தொடர்ந்தது.